சின்னக் கிரேக்கத் தீவுகளுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: கப்பல் நேரத்திலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள்

கிரேக்கத் தீவு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சாந்தோரினியின் வெள்ளைச் சுவரும் நீலக் கும்மட்டமும்தான். அந்தத் தீவின் பரப்பு சுமார் 76 சதுர கிலோமீட்டர். ஊர்க்காரர்கள் 15,000 பேர் சொச்சம். வருஷத்துக்கு வந்து போகிறவர்களோ 30 லட்சத்துக்கும் மேல். கோடையில் சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கும் நாட்களில் அங்கே சந்துகளில் நடக்கவே வரிசை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த, 2025 ஜூலை முதல் சாந்தோரினியிலும் மைக்கோனோஸிலும் சொகுசுக் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களிடம் கோடை உச்சத்தில் தலைக்கு 20 யூரோ வசூலிக்கிறார்கள்.

கிரேக்கத்தில் மக்கள் குடியிருக்கும் தீவுகள் மட்டுமே 200க்கு மேல். பயணிகளில் பெரும்பாலோர் போவது அதில் பத்துப் பதினைந்துக்குத்தான். மிச்சத் தீவுகளில் பலவற்றுக்கு விமான நிலையம் கிடையாது. பெரிய கப்பல் வந்து நிற்க ஆழமான துறைமுகம் கிடையாது. அவை கெடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணமும் அதுதான். அதனால் அங்கே போக நினைக்கிறவர் முதலில் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்: எங்கே போகிறோம், எத்தனை நாள் இருக்கிறோம், எப்போது திரும்புகிறோம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது கப்பலும் காற்றும். அதற்கு இசைந்து திட்டம் போட்டால் பயணம் சுகமாக இருக்கும்.

முதலில் ஒரு தீவுக்கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

வரைபடத்தைப் பார்த்தால் எல்லாத் தீவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். அது நம்பக்கூடியதல்ல. ஒரே கப்பல் தடத்தில் இல்லாத இரண்டு தீவுகளுக்கு இடையே போக, சில சமயம் ஏதென்ஸ் வரை திரும்பிவந்து மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். அதனால் ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு, அதிலேயே இரண்டு தீவுகள், மிஞ்சினால் மூன்று.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது சின்ன சிக்லாடீஸ். நக்சோஸ் என்ற பெரிய தீவுக்கும் அமோர்கோஸுக்கும் நடுவில் இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனீசியா, தோனூசா என்று நான்கு பெயர்கள். இராக்லியாவிலும் தோனூசாவிலும் நிரந்தரமாக இருப்பவர்கள் 150 பேரை ஒட்டி, ஸ்கினூசாவில் 200 சொச்சம், கூஃபோனீசியாவில் 400. இதில் கூஃபோனீசியாவின் கடல் நிறம் அபாரம்தான், ஆனால் ஆகஸ்டில் அங்கே அமைதியைத் தேடிப் போகாதீர்கள். ஏதென்ஸ்காரர்களும் இத்தாலியர்களும் நிறைந்திருப்பார்கள். ஜூன் தொடக்கத்திலோ செப்டம்பர் கடைசியிலோ போனால் அதே ஊர் வேறு மாதிரி இருக்கும். இராக்லியாவும் தோனூசாவும்தான் என் தேர்வு.

வேறு பக்கம் போக விரும்பினால் இரண்டு தீவுகளைச் சொல்வேன். சாந்தோரினியைத் தாண்டிக் கப்பலில் இரண்டு மணி நேரத்துக்குள் அனாஃபி. சாந்தோரினியில் இறங்கும் கூட்டத்தில் மிகச் சிலரே அதுவரை போகிறார்கள். அதன் கிழக்கு முனையில் கடலிலிருந்து நானூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக எழும் காலமோஸ் பாறையும், அதன் அடியில் பழைய அப்பல்லோ கோயில் இருந்த இடத்தில் எழுப்பிய மடமும், உச்சியில் இன்னொரு சின்ன மடமும் இருக்கின்றன. காலையில் நடக்கத் தொடங்கினால் மதியத்துக்குள் உச்சிக்குப் போய்விடலாம்.

இன்னொன்று திலோஸ். அது துருக்கிக் கரையை ஒட்டிய தொதெக்கனீஸ் கூட்டத்தில் இருக்கிறது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பலில் போனால் 15 மணி நேரத்துக்கும் குறையாது. ரோட்ஸ் வரை விமானத்தில் போய் அங்கிருந்து வேகப் படகில் போனால் இரண்டு மணி நேரம். காற்றாலையும் சூரியத் தகடும் பெரிய மின்கலமும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் தீவு அது. குப்பையை வீடு வீடாகப் பிரித்து வாங்குகிறார்கள். தெருவில் குப்பைத் தொட்டியே கிடையாது. பறவைகளுக்காக வேட்டையைத் தடை செய்திருக்கிறார்கள். 1971இல் அங்கே ஒரு குகையில் குள்ள யானைகளின் எலும்புகள் கிடைத்தன. ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் அவை என்கிறார்கள்.

எப்போது போகலாம்

மே கடைசியிலிருந்து ஜூன் முழுவதும். அப்புறம் செப்டம்பர் முதல் அக்டோபர் முதல் வாரம் வரை. இரண்டில் செப்டம்பர் இன்னும் நல்லது; கோடை முழுக்க வெயில் பட்ட கடல் வெதுவெதுப்பாக இருக்கும், காற்றும் தணிந்திருக்கும். மே மாதம் போனால் மலைச்சரிவில் காட்டுப் பூக்கள் இருக்கும், ஆனால் தண்ணீர் இன்னும் குளிரும்.

ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டேமி என்ற காற்று நாள்கணக்கில் அடிக்கும். அதோடு ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள். கிரேக்கர்கள் மொத்தமாகச் சொந்தத் தீவுகளுக்குத் திரும்பும் நாள் அது. அதையொட்டிய பதினைந்து நாளில் சின்னத் தீவுகளிலும் அறை கிடைக்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலான உணவகங்களும் அறைகளும் பூட்டியிருக்கும், கப்பலும் குறைவு. முதல்முறை போகிறவருக்கு அது வேண்டாம்.

விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி 15 நாள் முன்பு என்றாலும் அதுவரை காத்திருக்காதீர்கள். கோடைக்கு முன்பு விண்ணப்பம் கொடுக்க நேரம் வாங்குவதே கஷ்டம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் இருந்தால் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமலேயே இருக்கலாம்.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடம் காட்ட வேண்டும். சின்னத் தீவில் அறை நடத்துகிற பலர் வயதானவர்கள், மின்னஞ்சலுக்குப் பதில் வர நாளாகும். ஆகவே பணம் திரும்பக் கிடைக்கும் விதமாக முன்பதிவு செய்து, அதைக் காட்டுங்கள்.

ஏதென்ஸிலிருந்து துறைமுகம் வரை

நக்சோஸ், சாந்தோரினி எல்லாம் சேர்ந்த சிக்லாடீஸ் தீவுக்கூட்டத்துக்குப் போகும் கப்பல்களில் பெரும்பாலானவை கிளம்புவது பிரேயஸ் துறைமுகத்திலிருந்து. ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் 3ஆம் தடம் 2022 முதல் நேராகப் பிரேயஸ் வரை போகிறது. சுமார் ஒரு மணி நேரம். ராத்திரி நேரமானால் எக்ஸ்96 பேருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது.

பிரேயஸ் சின்ன இடம் இல்லை. இ1, இ2 என்று வாயில்கள் கரையைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன. சிக்லாடீஸ் கப்பல்கள் வழக்கமாக நிற்கும் இ6, இ7 வாயில்கள் மெட்ரோவுக்கு எதிரிலேயே இருக்கின்றன; தொதெக்கனீஸ் கப்பல்களுக்கான இ1 வெகு தூரம். டிக்கெட்டில் வாயில் எண்ணைப் பார்த்துவிட்டு, முக்கால் மணி நேரம் முன்பாகவே போய்விடுங்கள். கிரேக்கக் கப்பல்கள் நேரத்துக்குக் கிளம்புவதில் கறாரானவை.

விமானம் இறங்கிய அன்றே கப்பல் ஏறத் திட்டம் போடாதீர்கள். ஒரு ராத்திரி பிரேயஸிலோ ஏதென்ஸிலோ தங்கிவிட்டு, விடிந்ததும் ஏறலாம்.

கப்பல்: இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

சின்ன சிக்லாடீஸுக்குப் போக இரண்டு வழி. பிரேயஸிலிருந்து நேராகப் போகும் பெரிய கப்பல் வாரத்தில் சில நாட்கள் உண்டு. அது பல தீவுகளைத் தொட்டுக்கொண்டு போவதால், மாலையில் கிளம்பினால் இறங்கும்போது நள்ளிரவை நெருங்கிவிடும், சில நாட்களில் தாண்டியும்விடும். இன்னொரு வழி, காலைக் கப்பலில் நக்சோஸ் வரை ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் போய், அங்கே சின்னக் கப்பலுக்கு மாறுவது.

அந்தச் சின்னக் கப்பலின் பெயர் எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ். அமோர்கோஸில் விடிகாலையில் கிளம்பி, ஒவ்வொரு தீவாகத் தொட்டு நக்சோஸுக்கு வந்து, மதியத்துக்கு மேல் அதே வழியில் திரும்பும். ரொட்டி, காய்கறி, தபால், பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய சாமான், பாட்டியைப் பார்க்கப் போகும் பேரன், ஆடு வாங்கப் போகிறவர் என்று எல்லோரும் எல்லாமும் அதில்தான். இதுபோன்ற தடங்களில் பலவற்றுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் குளிர்காலத்தில் இந்தத் தீவுகளில் யாரும் இருக்க முடியாது. காலையில் பெரிய கப்பலில் நக்சோஸ் வந்து சேர்ந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு இதில் ஏறி, வெயில் சாய்கிற நேரத்தில் இராக்லியாவில் இறங்குவதுதான் அழகான வழி. ஆனால் ஒன்று: கப்பல் சின்னது, காற்று அடித்தால் நன்றாக ஆட்டும். குமட்டலுக்கு மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் திறந்த தளத்தில், நடுவாக உட்காருங்கள்.

பெரிய கப்பல்களின் கால அட்டவணை சில மாதம் முன்பே இணையத்தில் வந்துவிடும். சின்னக் கப்பல்களுடையது வசந்தகாலம் வரை தெரியாது. ஜனவரியில் தேடிவிட்டு "இந்தத் தீவுக்குக் கப்பலே இல்லை போலிருக்கிறது" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். டிக்கெட்டை ஃபெரிஹாப்பர் போன்ற தளங்களில் வாங்கலாம். கடைசி நிமிஷத்தில் துறைமுக அலுவலகத்திலும் வாங்கலாம். காரில்லாமல் போகிறவருக்கு, ஆகஸ்டைத் தவிர, இடம் கிடைக்காமல் போவது அபூர்வம்.

காற்றுக்கு வருவோம். அதன் வேகத்தை 0 முதல் 12 வரை போகும் போஃபோர்ட் அளவில் சொல்வார்கள். மீனவரிலிருந்து காபிக் கடைக்காரர் வரை "நாளைக்கு ஏழாம்" என்று எண்ணால்தான் பேசுவார்கள். அது 8ஐத் தொட்டால் வழக்கமாகப் பெரிய கப்பல்களும் நின்றுவிடும். வேகப் படகுகள் அதற்கு முன்பே நிற்கும். துறைமுக அதிகாரிகள் தடை அறிவித்தால் நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. டிக்கெட் வீணாகாது: ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பணத்தைத் திரும்ப வாங்கலாம், அல்லது அடுத்த கப்பலில் போகலாம். அறைக்காரரிடம் சொன்னால் அநேகமாக அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். இன்னொரு ராத்திரி இருந்துகொள்ளுங்கள் என்பார்.

இதிலிருந்து வருவதுதான் முக்கியமான விதி: ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின ராத்திரி நீங்கள் ஏதென்ஸில் இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் இரண்டு ராத்திரி.

இறங்கும்போது

சின்னத் துறைமுகங்களில் கப்பல் நங்கூரம் போட்டு நிதானமாக நிற்காது. பின்பக்கம் திரும்பி, இரும்புப் பலகையை இறக்கி, சில நிமிஷத்தில் கிளம்பிவிடும். உங்கள் தீவின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதும் கீழே வண்டிகள் நிற்கும் தளத்துக்கு வந்துவிடுங்கள். ஏறும்போது பெட்டியை அந்தந்தத் தீவின் பெயர் எழுதிய அடுக்கில் வைத்திருப்பீர்கள். அதை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். டீசல் வாசனையும் சங்கிலிச் சத்தமுமாக இருட்டாக இருக்கும். திடீரென்று கதவு கீழே இறங்கும், வெளிச்சம் உள்ளே பாயும், கரையில் சின்ன வேன்களோடு அறைக்காரர்கள் கையில் பெயர் அட்டை பிடித்து நிற்பார்கள். எந்தக் கப்பலில் வருகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெரும்பாலோர் வந்து அழைத்துப் போவார்கள். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

தங்குவது, பணம், மருந்து

ஹோட்டலைத் தேடாதீர்கள். குடும்பம் நடத்தும் வாடகை அறைகளைத் தேடுங்கள், தோமாத்தியா என்று பலகை வைத்திருப்பார்கள். ஒரு படுக்கையறை, சின்ன அடுக்களை, வாசலில் நாற்காலி. இதற்கு மேல் அங்கே என்ன வேண்டும். ஒரு தீவில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல் இருங்கள். நான்கு, ஐந்து என்றால் இன்னும் நல்லது. முதல் நாள் உங்களை வாடிக்கையாளராகப் பார்க்கிறவர், மூன்றாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அத்திப்பழம் கொடுப்பார். தீவு தீவாக ஒரு ராத்திரி என்று ஓடுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

அறை வாடகைக்கு மேல் காலநிலை நிதிக் கட்டணம் என்று ஒன்று உண்டு. 2025இலிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, தங்குமிடத்தின் தரத்தைப் பொறுத்து இரவுக்கு 2 யூரோவிலிருந்து 15 யூரோ வரை. கையில் ரொக்கம் வைத்திருங்கள். அட்டை வாங்குவார்கள், ஆனால் தீவில் ஒரே ஏடிஎம்தான் இருக்கும், அதுவும் சனிக்கிழமை காலியாகிவிடலாம். நக்சோஸிலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

தீவில் சின்ன அரசு மருத்துவமனை, அதில் இளம் டாக்டர் ஒருவர் இருப்பார். மருந்துக்கடை இல்லாத தீவுகளும் உண்டு. தினசரி மருந்து சாப்பிடுகிறவர்கள், கப்பல் வராத நாட்களையும் கணக்கில் வைத்து ஒரு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்துப் போங்கள். அவசர எண் 112. பெரிய பிரச்சினை என்றால் கடலோரக் காவல் படகிலோ ஹெலிகாப்டரிலோதான் கொண்டுபோவார்கள். காப்பீடு அதற்கும் சேர்த்து இருக்கட்டும்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் தைரியமாகப் போகலாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வருஷத்தில் பல வாரங்கள் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடாமல் விரதம் இருப்பவர்கள். அதனால் அவர்கள் சமையலில் காய்கறிக்கும் பருப்புக்கும் நல்ல இடம் உண்டு. ஸ்கினூசாவில் விளையும் மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் போட்டுத் தருவார்கள். ஃபாவா என்று பெயர். வாயில் வைத்தால் நம் பருப்புக் கடையல்தான், மிளகாய் மட்டும் இல்லை. அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியும் குடைமிளகாயும் கெமிஸ்தா. பெரிய வெள்ளை அவரை தக்காளிச் சாற்றில் வெந்தால் கிகாண்டெஸ். "நிஸ்டிசிமோ" என்று கேட்டால் விரதச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் விரதத்தில் கணவாய், இறால் போன்றவை அவர்களுக்கு அனுமதி உண்டு; அதுவும் வேண்டாம் என்றால் "ஹோர்டோஃபாகோஸ்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். கெமிஸ்தாவில் சில இடங்களில் கொத்துக்கறியும் சேர்ப்பார்கள், கேட்டுவிடுவது நல்லது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு: நல்ல மீனுக்கு விலை கிலோ கணக்கில் போட்டிருக்கும், தட்டுக் கணக்கில் இல்லை. உள்ளே போய் மீனைப் பார்த்து, எடை போடச் சொல்லி, விலை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள். உணவுப் பட்டியலில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த மீன்.

நடை

இந்தத் தீவுகளைப் பார்க்க நல்ல வழி காலால் நடப்பதுதான். இராக்லியாவில் கார் தேவையே இல்லை. துறைமுகமான அயியோஸ் யோர்யோஸிலிருந்து மேலே பனகியா என்ற கிராமத்துக்கு ஏறி, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் மேற்கே இறங்கினால் புனித யோவான் குகை வரும். குகையின் வாசல் அவ்வளவு தாழ்வு. கையையும் முழங்காலையும் ஊன்றித்தான் உள்ளே நுழைய முடியும். நுழைந்ததும் நிமிர்ந்து நிற்கலாம், பெரிய கூடம் விரியும். டார்ச் கட்டாயம், தரை வழுக்கும். ஆகஸ்ட் 28 மாலை அங்கே திருவிழா. தீவே திரண்டு போய், குகை முழுக்க மெழுகுவத்தி ஏற்றி வழிபாடு நடத்தும். கூட்டத்தைத் தவிர்க்கச் சொல்கிற நான், இந்த ஒரு கூட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள் என்பேன்.

தோனூசாவில் துறைமுக ஊரான ஸ்தாவ்ரோஸிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் கேத்ரோஸ் கடற்கரை. இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய ஜெர்மன் கப்பலின் சிதைவு அந்த விரிகுடாவின் அடியில் இருக்கிறது. கண்ணாடி மாட்டி நீந்தினால் தெரியும். இன்னும் கிழக்கே நடந்தால் மெர்சினி கிராமம், மர நிழலில் ஊற்று. இந்த வறண்ட தீவுகளில் ஊற்று என்பது பெரிய விஷயம்.

பாதைகளில் நிழல் கிடையாது. காலை ஏழுக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் திரும்பிவிடுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் குறுக்கே கம்பிவலையோ பழைய கட்டில் சட்டமோ கயிற்றால் கட்டியிருக்கும். அது ஆடுகளுக்கான கதவு. கயிற்றை அவிழ்த்து, தாண்டி, பழையபடி அதே முடிச்சில் கட்டிவிட்டுப் போக வேண்டும். பக்கத்துச் சுவர்கள் சுண்ணாம்பில்லாமல் கல்லை அடுக்கியே கட்டியவை. ஏறித் தாண்டினால் சரிந்துவிடும், அதைத் திருப்பிக் கட்டத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஊரில் நடந்துகொள்வது

தண்ணீர்தான் முதல் விஷயம். பல தீவுகளில் குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். குடிக்க உகந்ததா என்று அறைக்காரரிடம் கேளுங்கள், குளிப்பதைச் சுருக்குங்கள். கழிப்பறைத் தாளை உள்ளே போடாமல் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும், குழாய்கள் ஒல்லி. மதியம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஊர் தூங்கும் நேரம். சந்துகளில் சத்தம் வேண்டாம். மடங்களுக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கடற்கரையில் கூடாரம் போடுவது கிரேக்கச் சட்டப்படி குற்றம். புல் காய்ந்து கிடக்கும் கோடையில் எங்கேயும் நெருப்பு மூட்டவே கூடாது. எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் "கலிமேரா" சொல்லுங்கள். நூற்றைம்பது பேர் இருக்கும் ஊரில் வணக்கம் சொல்லாமல் கடந்து போவது மரியாதை இல்லை.

பத்து ராத்திரிக்கு ஒரு திட்டம்

முதல் ராத்திரி பிரேயஸ். மறுநாள் காலைக் கப்பலில் நக்சோஸ், மதியம் ஸ்கோபெலிடிஸில் இராக்லியா. அங்கே நான்கு ராத்திரி. அப்புறம் தோனூசாவுக்குக் கப்பல் போகும் நாளைப் பார்த்து அங்கே மூன்று ராத்திரி. தினமும் அங்கே கப்பல் நிற்காது என்பதால் முதலில் இந்த ஒரு நாளைக் கண்டுபிடித்துவிட்டு, மற்ற தேதிகளை அதை வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திரும்பும் வழியில் நக்சோஸில் ஒரு ராத்திரி, கடைசி ராத்திரி ஏதென்ஸ். தோனூசாவுக்குத் தேதி ஒத்துவரவில்லை என்றால் இராக்லியாவுக்குப் பக்கத்திலேயே ஸ்கினூசா இருக்கிறது. கப்பலில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.